தானாக மடங்கிய கால்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்த முதல் நாள். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவதற்குள் தொண்டை போய்விட்டது. ஒருத்தி இரண்டு காலுக்கும் இடது ஷூவையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கேட்டால், "தம்பியோடது ஒண்ணு மாறிட்டு மிஸ்" என்கிறாள்.

சாயங்காலம் தருவை மைதானத்தில் ஓடினேன். வலது இடுப்பெலும்பு முன்பக்கம் துருத்தி நிற்கிறதே, அதற்குக் கொஞ்சம் உள்ளே ஒரு பிடிப்பு. கால் முன்னால் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நீளும்போது உள்ளேயிருந்து யாரோ கயிற்றைப் பிடித்துக்கொள்கிற மாதிரி.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி திருச்சியில் கால்பந்து நடுவர்களுக்கான ஓட்டத் தேர்வு. தேறினால் தேசியப் பட்டியல். போன வருஷம் கடைசிச் சுற்றில் விசில் என்னை முந்திக்கொண்டது. இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். அதனால் இது பிடிப்புதான். பிடிப்பு என்றால் போய்விடும்.

ஜூன் 14, சனி

எலும்பு டாக்டரிடம் போனேன். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு சுத்தமாக இருக்கிறதாம். "ஓடுறவங்களுக்கு வர்றதுதான். தசை இழுத்திருக்கு. ஒரு மாசம் ஓடாதீங்க" என்றார். ஒரு மாதம்! எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஓடாதீங்க என்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மகள் ஜோவிதாவுக்குக் கணக்கு வாத்தியார் பிடிக்கவில்லையாம். ஒன்பது வயதில் இவ்வளவு உறுதி.

ஜூன் 17, செவ்வாய்

டூவிபுரத்தில் ஒரு மாடியில் ஹாஜிரா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். காயல்பட்டினத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஆஸ்டியோபதி என்று வேறு ஒரு வைத்திய முறையும் படித்திருக்கிறாள். கோவில்பட்டி இசக்கிதான் சொன்னாள். இசக்கியும் நடுவர், அவளும் பி.டி. டீச்சர், திருச்சிக்கும் அவள் வருகிறாள். போன வருஷம் அவளுடைய கழுத்து வலி இங்கேதான் போயிற்று.

ஹாஜிரா திரையை இழுத்துவிட்டுவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நான் கை வைக்கிற இடம் கொஞ்சம் சங்கடமான இடம். இடுப்பெலும்புக்கு உள்பக்கம் ஒண்ணு, கீழ தொடை சேர்ற மடிப்புல ஒண்ணு, நடு எலும்புக்குப் பக்கத்துல ஒண்ணு. துணிக்கு மேலதான் தொடுவேன். வேண்டாம்னு தோணுச்சுன்னா 'வேண்டாம்' போதும். காரணம் கேக்க மாட்டேன்."

சரி என்று மேஜையில் மல்லாந்து படுத்தேன். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டாள். விரல் நுனியால் இடுப்பெலும்பின் ஓரமாகத் தேடிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். அப்படியொன்றும் அழுத்தவில்லை. நான் மேஜையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"இந்த வலியை இப்ப பத்துன்னு வச்சுக்குவோம்."

அப்புறம் அவள் செய்தது விநோதம். தன் ஒரு காலைத் தூக்கி மேஜைமேல் ஊன்றினாள். என் இரண்டு காலையும் மடக்கித் தூக்கி, கணுக்கால்களைப் பின்னி, தன் தொடைமேல் சாய்த்துக்கொண்டாள். என் முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து விழுந்தன. தவளை மாதிரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் தங்கள் பிரிசில்லா மிஸ்ஸை!

"இப்ப எவ்வளவு?"

"எட்டு."

முழங்காலை இன்னும் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனாள். கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தாள். விரல் அதே இடத்தில்தான் இருந்தது.

"இப்ப?"

"அஞ்சு... மூணு. ரெண்டு."

"இங்கயே இருங்க. ஒண்ணரை நிமிஷம். அக்கா, காலோட கனத்தை என்கிட்ட விடல நீங்க. நீங்களே தூக்கிப் பிடிச்சிருக்கீங்க."

விடுவது அவ்வளவு சுலபமில்லை. விட்டேன்.

மற்றவர்கள் இறுகின தசையை இழுத்து நீட்டுவார்களாம். இது அதற்கு எதிர்த்திசை. தசை எந்தப் பக்கம் சுருங்கப் பார்க்கிறதோ, அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் கொண்டுபோய்விட்டுக் காத்திருப்பது. "அதுக்குப் பயம் தெளிஞ்சதும் தானா விட்டுரும்" என்றாள். கவுண்ட்டர்ஸ்ட்ரெயின் என்று பெயராம். பிறகு குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெள்ள மெள்ளக் காலை இறக்கினாள். "நீங்க உதவி பண்ணாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுபடி அந்த இடத்தை அழுத்தினாள். இரண்டுதான்.

அதே மாதிரி அடுத்த இடம். அதுவும் இறங்கியது.

கிளம்பும்போது கேட்டாள்: "சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா? ராத்திரி வேர்த்து நனையுதா? எடை குறைஞ்சிருக்கா? முதுகுல வலி?"

இல்லை என்றேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இல்லை. ஜூன் மாதத்துத் தூத்துக்குடியில் வேர்க்காதவர் யார்? ஓடுகிறவளுக்கு எடை குறையத்தானே செய்யும்?

ஜூன் 18, புதன்

வலி இல்லை. இரண்டு நாள் ஓடக்கூடாது என்றாள். ஓடினேன். பறந்தேன் என்றே எழுதலாம்.

ஜூன் 24, செவ்வாய்

வலி வெள்ளிக்கிழமை திரும்பி வந்துவிட்டது. ஹாஜிரா மறுபடி அதே மூன்று இடங்களையும் பார்த்தாள். பத்து இரண்டாயிற்று. "ஓடினீங்களா?" என்றாள். "நடந்தேன்" என்றேன்.

தலையணை உறையைத் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது. மின்விசிறியில் ஏதோ கோளாறு. என் வீட்டுக்காரர் செல்வினிடம் சொன்னேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு வீட்டு மின்விசிறி கழற்ற நேரமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவது முறை. மூன்றுக்கு இறங்கியது. இரண்டுக்கு வரவில்லை. ஹாஜிரா காலைப் பிடித்திருந்த நேரம் வழக்கத்தைவிட அதிகம்.

சாயங்காலம் உடம்பு கொஞ்சம் கதகதப்பு. சும்மா ஒரு பாராசிட்டமால் போட்டேன்.

ஜூலை 5, சனி

இசக்கி கோவில்பட்டியிலிருந்து வந்தாள். தருவையில் சேர்ந்து ஓடினோம். எப்போதும் நான்தான் முன்னால் இருப்பேன். இன்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

"ஏட்டி பிரிசி, காலடி சின்னதாயிட்டே. வலக்கால இழுத்துக்கிட்டே ஓடுத."

"வேகத்தைச் சேமிக்கேன். திருச்சியில பாரு."

சிரித்தாள். தென் மாவட்டங்களிலிருந்து பெண்களில் ஒருத்தியைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கரும்புச்சாறு குடித்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது என்னால் நேராக நிற்க முடியவில்லை. வலது காலை முன் பெஞ்சின் அடிக்கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால் சுகம். செல்வின் ஓரக்கண்ணால் பார்த்தார்.

வெளியே வந்ததும், "முகம் வத்திப்போச்சு பிரிசி. டெஸ்ட் முடியட்டும், நல்லா சாப்பிடணும் நீ" என்றார். டெஸ்ட்டுக்குப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கிரேன் ஆட்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், 'எம் பொண்டாட்டி நேஷனல் ரெஃப்ரி' என்று. இன்னும் ஆகாததை.

ஜூலை 15, செவ்வாய்

சண்டை.

ஹாஜிரா காலைத் தூக்கி எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் வலி ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. அவள் விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, ஒப்புக்கிட்டீங்கன்னா முதுகைப் பாக்கணும்."

"வலி முன்னால இருக்கு. முதுகை எதுக்கு?"

"பாத்துடறேனே."

குப்புறப் படுத்தேன். நடு முதுகெலும்பின்மேல் விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு இடத்தில் தட்டியதும் என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி "யா அல்லா" என்றார்.

ஹாஜிராவின் முகம் மாறிவிட்டது.

"இது தசை மட்டும் இல்லக்கா. தசைன்னா நான் மூணு தடவை பண்ணதுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாவது அதிக நாள் நின்னிருக்கணும். இது ஒவ்வொரு தடவையும் சீக்கிரமா திரும்பி வருது. முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும், ரத்தம் பாக்கணும். இந்த வாரமே. டாக்டருக்கு நான் எழுதித் தர்றேன்."

"டெஸ்ட் முடியட்டும்."

"அதுவரைக்கும் ஓடக்கூடாது."

"ஓடாம எப்படி டெஸ்ட்டுக்குப் போறது?"

"அப்ப நான் கை வைக்க மாட்டேன்க்கா. என் கை வைக்கிறதுனால உங்களுக்குக் கொஞ்ச நேரம் நல்லாருக்கு. அந்தக் கொஞ்ச நேரத்துல நீங்க ஓடிப்போயிடறீங்க. அது சரியில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "காய்ச்சல் நிஜமாவே இல்லையா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாததுக்கெல்லாம் என் உடம்பு மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஒவ்வொரு படியாக. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

சின்னப் பெண். பயந்துவிட்டாள். அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

மருந்துக் கடையில் வலிக்கு வீரியமான மாத்திரை வாங்கினேன். அதற்கும் வலி கேட்பதாகத் தெரியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

குளிக்கும்போது கண்டேன். வலது தொடை மடிப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு வீக்கம். எலுமிச்சை அளவு. அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது, விட்டால் வருகிறது. சூடு இல்லை. வலி இல்லை.

வலி இல்லாதது நல்லதுதானே?

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோவில் கொடியேறிவிட்டது. ஊர் முழுக்க ராட்டினமும் அல்வாவும். ஜோவிதாவை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். "அம்மா நீயும் வா" என்று மேலிருந்து கத்தினாள். கையாட்டினேன். குளிர் எடுத்தது. ஜூலை மாத வெயிலில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஹாஜிராவிடமிருந்து போன். "சிகிச்சை இல்லக்கா. காசும் வேண்டாம். அஞ்சு நிமிஷம் வாங்க. ஒண்ணு காட்டணும்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். போனேன்.

மேஜையில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"இடது காலை நீட்டுங்க." நீட்டினேன்.

"வலது கால்."

நீட்டினேன். நீளவில்லை. முழங்கால் உயர்ந்தே நின்றது. கையால் தொடையை அமுக்கினேன். முதுகு மேஜையை விட்டு வில்லாக எழும்பியதே தவிர, கால் தாழவில்லை. வலி கண்ணுக்குள் வெள்ளையாக அடித்தது.

"பாத்தீங்களா? மடங்கி, கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி... முதல் நாள் நான் உங்க காலைத் தூக்கி எந்த இடத்துல வச்சேனோ, கிட்டத்தட்ட அதே இடம். அன்னைக்கு நான் வச்சேன். இன்னைக்கு யாரும் வைக்கல. உங்க உடம்பு தானா அங்க போய் நின்னுடுச்சு. உள்ள ஏதோ ஒண்ணு அந்தத் தசையை விடமாட்டேங்குதுக்கா."

அவள் குரல் நடுங்கியது. எனக்குக் கோபம் வந்தது, அது நடுங்கியதற்காக.

"சனிக்கிழமை டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன். சத்தியமா" என்றேன்.

"வெள்ளிக்கிழமை எடுங்க. இல்ல, நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசட்டுமா?"

"பேசினா உங்க மேல புகார் குடுப்பேன்."

அவள் தலையசைத்தாள். "பேச மாட்டேன். நீங்க சொல்லாம பேச மாட்டேன்." வாசல் வரை வந்து செருப்பை என் காலருகே எடுத்துப் போட்டாள். என்னால் குனிய முடியாததை நான் சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 9, சனி, காலை

திருச்சி. லாட்ஜ் அறை. இசக்கி குளிக்கப் போயிருக்கிறாள்.

விடிந்ததும் அவள்தான் என் போர்வையை விலக்கினாள். விரிப்பு நனைந்து என் முதுகின் வடிவம் அப்படியே கிடந்தது. என் நெற்றியில் கை வைத்தாள்.

"என்னட்டி இது, அடுப்பு மாதிரி சுடுது. எத்தன நாளா?"

"நேத்து பஸ்ல ஏசி."

"பொய் சொல்லாத. அந்தக் காலப் பாரு, தூங்கும்போதும் மடக்கியே வச்சிருந்த. ஓடாத பிரிசி. சொல்லுதேன்லா, ஓடாத."

"நான் ஓடலைன்னா யாருக்கு லாபம்?"

கேட்டுவிட்டேன். இசக்கி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் இன்னும் கேட்கிறது.

மாத்திரை இரண்டு போட்டாயிற்று. ஒரு கிளினிக்கில் ஊசியும் போட்டுக்கொண்டு போகலாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மருத்துவமனை. மல்லாந்து படுத்து எழுதுகிறேன், கோணலாகத்தான் வரும்.

முதலில் குறுகிய ஓட்டங்கள். நானும் இசக்கியும் ஒரே குழு. முதலாவது ஓட்டம் தேறினேன். ஊசி வேலை செய்தது. கடிகாரக்காரர் கையை உயர்த்தியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா ஹாஜிரா என்று மனதுக்குள் சொன்னேன்.

இரண்டாவதில் பாதி தூரம். வலது கால் பின்னால் போயிற்று, முன்னால் வரவில்லை. அவ்வளவுதான் தெரியும். தாடை தரையில் மோதியது. வாயில் மண். என்னைத் தாண்டி இசக்கியின் கால்கள் போயின. ஒரு கணம் அவை தயங்கின, அதையும் பார்த்தேன். அப்புறம் போய்விட்டன.

அவள் நிற்கவில்லை. நானாக இருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். இதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறு மாதிரி நினைக்கத் தோன்றும்.

மைதானத்து டாக்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, "இந்தச் சூட்டோட உங்களை யார் ஓட விட்டது?" என்று கத்தினார். பதில் சொல்ல வேண்டிய ஆள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பில் காசநோய்.

எனக்கு இருமலே இல்லையே என்றேன். நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லையாம். எப்போதோ உள்ளே போன கிருமி எலும்பில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதுகில் இரண்டு முள்ளெலும்புகளின் ஓரத்தை அரித்து, அங்கிருந்து சீழ் தசையின் உறைக்குள்ளேயே வழிந்து இறங்கி, முன்பக்கம் இடுப்புக் குழியில் தேங்கி, தொடை மடிப்புக்கு வந்திருக்கிறது. முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் அந்தத் தசையைத்தான் நான் நீட்டி நீட்டி ஓடியிருக்கிறேன்.

டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசினார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலு ரெண்டும் மரத்துப் போயிருக்கும்மா. நல்ல வேளை விழுந்தீங்க."

செல்வின் சுவரில் சாய்ந்து நின்றார். டாக்டர் போனதும், "எனக்கு ஏன் சொல்லல?" என்றார். ஒரே ஒரு முறைதான் கேட்டார். மின்விசிறி என்றுதானே உங்களிடம் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஊசி நுழைத்துக் குழாய் வைத்துச் சீழை எடுத்தார்கள். பாட்டில் நிறைந்தது. நர்ஸ் மறைக்கப் பார்த்தாள். நான் பார்த்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வீடு. மார்பிலிருந்து இடுப்பு வரை பெல்ட். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரைகள். சிறுநீர் ஆரஞ்சுப் பழச்சாறு மாதிரி போகிறது. அப்படித்தான் போகுமாம். சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது.

ஜோவிதா நாசரேத்தில், செல்வினின் அக்கா வீட்டில். அவர்தான் கொண்டுபோய் விட்டார். அவருக்கும் பிள்ளைக்கும் பரிசோதனை செய்து ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. எனக்கிருப்பது பக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பரவுகிற வகை இல்லை என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். செல்வின் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து எனக்கென்று தனியாக ஒரு தட்டும் தம்ளரும் எடுத்து வைத்தார். கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

நான் சண்டை போடவில்லை. எதை வைத்துப் போட?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹாஜிரா வந்தாள். முந்தானை நனைந்திருந்தது, மழை. வந்ததும் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செல்வின் எனக்காக வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் குடித்தாளா, தெரிந்தே குடித்தாளா என்று கேட்கத் தைரியமில்லை.

"முதல் நாளே முதுகைத் தட்டிப் பாத்திருக்கணும்க்கா" என்றாள். "வலி முன்னால இருந்ததுனால முன்னாலயே தேடிட்டேன். ரெண்டு மூணு தடவை இறங்கினதும் எனக்கும் சந்தோஷமா போச்சு."

"நீங்க கேட்டீங்க. நான்தான் இல்லைன்னேன்."

"கேட்டேன். ஆனா வாசல்ல நின்னு கேட்டேன். உக்காந்து கேட்டிருக்கணும்."



செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வின் நாசரேத் போய் ஜோவிதாவை அழைத்து வந்துவிட்டார். அவள் நேராக ஓடிவந்து பெல்ட்டைத் தட்டிப்பார்த்து, "அம்மா நீ ஆமை" என்றாள்.

அவர் மூன்று தட்டு வைத்தார். எது யாருடையது என்று தெரியாமல்.

அக்டோபர் 18, சனி

இசக்கி வந்தாள். தேசியப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. செய்தித்தாளில் முன்பே பார்த்துவிட்டேன். அவள் சொல்லும்போது முதல்முறை கேட்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"விழுந்தத பாத்தேன் பிரிசி. நிக்கணும்னுதான் தோணுச்சு. காலு நிக்கல."

"நின்னிருந்தா ரெண்டு பேருக்கும் போயிருக்கும்."

"அன்னைக்கு நீ கேட்டத நான் மறக்கல, பாத்துக்கோ."

"மறக்காத. மன்னிச்சிரு, ஆனா மறக்காத."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமையாக இருந்தது. வயிற்றிலிருந்து தொண்டை வரை பொறாமை. அவளுக்கு ஆப்பம் பிடிக்கும் என்று செல்வின் வாங்கி வந்திருந்தார். அவள் இரண்டு சாப்பிட்டாள், நான் ஒன்று. இந்த மாதத்தில் நான் முழுதாகச் சாப்பிட்ட முதல் பண்டம் அதுதான்.

ஜனவரி 12, திங்கள்

மறு ஸ்கேன். எலும்பு மூடிக்கொண்டு வருகிறது. தேங்கியது இல்லை. மாத்திரை தொடர வேண்டும். பெல்ட்டைப் பகலில் மட்டும் போட்டால் போதும்.

போன வாரமே பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி விசில். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலி இரண்டு நாளாகக் காலி. மூன்றாம் நாள் தமிழம்மா வந்து உட்கார்ந்துகொண்டு, "தள்ளி உக்காரு, ஃபேன் எனக்கும் வேணும்" என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் சம்மதம் தந்த பிறகுதான் ஹாஜிரா மறுபடி என்னைத் தொட்டாள். மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்ததில் முன்பக்கத் தசை குறுகிவிட்டதாம். இப்போது அது வெறும் தசைதான், நம்பலாம் என்றாள்.

அதே மூன்று இடங்கள். பத்து. முழங்கால்களைத் தன் தொடைமேல் சாய்த்து, மெதுவாக வலப்பக்கம் திருப்பினாள். இந்த முறை உட்கார வைத்து, நேரமெடுத்துக் கேட்டாள்: காய்ச்சல், வேர்வை, எடை. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். போன வாரம் ஒரு ராத்திரி லேசாக வேர்த்தது என்பதையும் சொன்னேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, "டாக்டர்கிட்டயும் சொல்லிருங்க" என்றாள்.

"இப்ப எவ்வளவுக்கா?"

"ரெண்டு."

"கனம் முழுசும் என்கிட்ட வந்துடுச்சு இன்னைக்கு."

காலை இறக்கினாள். மேஜையோடு படிந்தது. நாளைக்கு லேசான உளைச்சல் இருக்கும் என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

அந்த ஒரு ராத்திரி வேர்வைக்கு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. புழுக்கம்தான். ஹாஜிரா சொன்ன உளைச்சல் ஒரு நாள்தான் இருந்தது; அதன் பிறகு இன்றுவரை வலி வரவில்லை.

மே 29, வெள்ளி

வயது தாண்டிவிட்டது. சங்கத்திலிருந்து முறைப்படி தெரிவித்தார்கள். மாவட்ட ஆட்டங்களுக்கு மட்டும் தொடரலாம்.

தெரிந்ததுதான். ஆனாலும் மொட்டைமாடிக்குப் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று அழுதேன். செல்வின் வந்து மறுமுனையில் துணி எடுக்கிற மாதிரி நின்றார். காயாத துணியையெல்லாம் எடுத்து மடித்துவிட்டார்.

ஜூன் 20, சனி

இன்று முதல் ஆட்டம். பள்ளி மைதானம், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள். மெல்லோட்டம் வரைக்கும் டாக்டர் அனுமதி. கறுப்புச் சட்டை போட்டதும் விசிலை இரண்டு முறை துடைத்தேன்.

முதல் பாதி பிழைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் பந்தைச் சுற்றி ஒரே கூட்டமாக ஓடுவதால் நடுவருக்குச் சுலபம். இரண்டாம் பாதியில் ஒருத்தி பந்தைத் தூக்கி அடித்துவிட்டாள். அது எல்லோரையும் தாண்டி எதிர்க் கோலுக்குப் போயிற்று. கூட்டம் திரும்பி ஓடியது. நானும் ஓடினேன். கால் நீண்டது, வலிக்கவில்லை. ஆனால் வேகம் இல்லை. நான் நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் பெனால்டி கட்டத்துக்குள் ஒரு குவியல், ஒரு விழுதல், ஒரு அலறல்.

"ஹேண்ட் மிஸ்! கைல பட்டுச்சு!"

"இல்ல மிஸ், தோள்ல!"

இருபத்திரண்டு முகங்களும் என்னைப் பார்த்தன. கோட்டோரத்தில் இரண்டு பள்ளிப் பெற்றோர்களும். இத்தனை வருஷம் நடுவராக இருந்ததில் ஒன்று கற்றிருக்கிறேன்: தெரியாவிட்டாலும் உடனே கை நீட்ட வேண்டும், நீட்டிய கை நடுங்கக் கூடாது.

விசில் வாயில் இருந்தது. எடுத்தேன்.

"நான் பாக்கல" என்றேன். "தூரத்துல இருந்தேன். பாக்காததுக்கு பெனால்டி குடுக்க முடியாது. ஆட்டம் நடக்கட்டும்."

வெளியே ஒரு தகப்பனார் "என்ன ரெஃப்ரி இது" என்று சிரித்தார். கோல் கீப்பர் பெண், குட்டை, முழங்காலில் மண், இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ கிட்ட வந்து நில்லுங்க மிஸ்" என்றாள்.

"வாரேன்" என்றேன். போய் நின்றேன்.